கிளட்ச் ஸ்லிப்: பிளேட் மட்டும் மாற்றினால் போதுமா, ரேசிங் செட் போடலாமா?

காசிமேடு_150:
வண்டி 150 சிசி. வயது எட்டு, ஓட்டம் 46,000 கிலோமீட்டர். வீடு காசிமேட்டில், வேலை எண்ணூரில். ரெண்டு வாரமாக ஒரு தொல்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் பையனையும் ஏற்றிக்கொண்டு மாதவரத்தில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினேன். மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது நாலாவது கியரில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. ஆர்பிஎம் முள் 6,000-க்குப் போகிறது, ஸ்பீடு 40-லேயே நிற்கிறது. தனியாகப் போனால் அவ்வளவாகத் தெரியவில்லை.

மெக்கானிக் 'கிளட்ச் போச்சு, செட்டா மாத்திடலாம்' என்கிறார். ஆபீஸில் ஒரு தம்பி, 'எப்படியும் பிரிக்கப் போறீங்க, ரேசிங் பிளேட்டும் ஹெவி ஸ்பிரிங்கும் போட்டுடுங்கண்ணா' என்கிறான். விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. போடலாமா?

சோழவரம்_ஸ்ட்ரெயிட்:
போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கைக் கம்பெனிக்காரன் மெத்தென்று வைப்பது லீவர் லேசாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். நீங்கள் மூன்று பேராகப் பாலம் ஏறுகிறீர்கள், வாரநாளில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் வரிசைக்கு நடுவே ஊர்கிறீர்கள். ஸ்பிரிங் 15 சதவீதம் கெட்டியானால் பிளேட்டை அழுத்தும் விசையும் 15 சதவீதம் கூடும், பிடிப்பும் அதே அளவு கூடும். ரெண்டு வருஷமாக என் வண்டியில் இதுதான் ஓடுகிறது. ஒரு தடவைகூட வழுக்கியதில்லை.

கார்க்பிளேட்:
15 சதவீதம் கூடும், சரி. லீவரை இழுக்கும் விரலுக்கும் அதே 15 சதவீதம் கூடுமே, அதை ஏன் சொல்லவில்லை? துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வெளியே கன்டெய்னர் வரிசை கட்டி நிற்கும் நாளில் அந்தச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து இடது மணிக்கட்டைக் கேளுங்கள். கேபிளும் சீக்கிரம் நைந்துபோகும், உள்ளே தள்ளும் ராடுக்கும் பேரிங்குக்கும் வேலை கூடும்.

தம்பி காசிமேடு, ஒன்றை யோசியுங்கள். 46,000 கிலோமீட்டர் இதே கிளட்ச் இதே மூன்று பேரை இழுத்திருக்கிறது. அப்போது பலவீனமாக இல்லாதது ரெண்டு வாரத்தில் எப்படி பலவீனமாகும்? ஏதோ தேய்ந்திருக்கிறது, அல்லது ஏதோ மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கெட்டி ஸ்பிரிங் போடுவது, கூரை ஒழுகுகிறது என்று பெரிய பக்கெட் வாங்கி வைப்பது போலத்தான்.

சோழவரம்_ஸ்ட்ரெயிட்:
உவமை நன்றாக இருக்கிறது அண்ணே. ஆனால் ரேஸ் வண்டியில் கெட்டி ஸ்பிரிங் போடுகிறார்களே, அவர்கள் எல்லாம் முட்டாள்களா?

கார்க்பிளேட்:
ரேஸ் வண்டியில் இன்ஜினின் சக்தியையும் ஏற்றியிருப்பார்கள். பிளேட்டை எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள் என்று இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் விசாரியுங்கள். சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் வேடிக்கை பார்க்க சைக்கிளில் போனவன் நான். அங்கே யாரும் பையனையும் மாமியார் வீட்டுப் பலகாரத் தூக்கையும் ஏற்றிக்கொண்டு ஓட்டவில்லை.

வெர்னியர்:
'மூன்று பேர் ஏறினால் கிளட்ச்சுக்குக் கூடுதல் பிடிப்பு வேண்டும்' என்ற பேச்சைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் கிளட்ச் வழியாகப் போவது இன்ஜின் தரும் முறுக்குவிசைதான். உங்கள் ரக இன்ஜின் அதிகபட்சமாக 13, 14 நியூட்டன் மீட்டர் தரும். பின்னால் மூன்று பேர் என்ன, முப்பது பேர் உட்கார்ந்தாலும் இன்ஜின் அதற்கு மேல் தராது. ஆள் ஏறினால் நீங்கள் த்ராட்டிலை முழுக்கத் திறக்கிறீர்கள், அதனால் இருக்கிற குறை வெளியே தெரிகிறது. அவ்வளவுதான்.

சோழவரம்_ஸ்ட்ரெயிட்:
ஓடும்போது சரி. நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது? எடை கூடினால் பிளேட் அதிக நேரம் வழுக்கித்தானே பிடிக்கிறது? அந்தச் சூடு எங்கே போகும்?

வெர்னியர்:
ஒப்புக்கொள்கிறேன். கிளப்பும்போது எடைக்குத் தக்கபடி சூடு கூடும். ஆனால் அதற்கு மருந்து முதல் கியரில் கிளப்பி லீவரைப் பாதியில் பிடித்துக்கொண்டிராமல் சீராக, சீக்கிரம் விட்டுவிடுவது. காசிமேடு நண்பர் ரெண்டாவது கியரில் ஹாஃப் கிளட்ச் வைத்து (லீவரைப் பாதி பிடித்தபடி) ஊர்பவர் என்று என் சந்தேகம்.

காசிமேடு_150:
ரெண்டாவதில்தான் ஊர்வேன். எல்லாரும் அப்படித்தானே? கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கிளட்ச்சைப் பிடித்தபடியே நிற்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் பிளேட் தேய்ந்திருக்குமா?

வெர்னியர்:
லீவரை முழுக்க இழுத்துப் பிடித்தால் பிளேட்டுகள் பிரிந்து நிற்கும், பெரிய தேய்மானம் இல்லை. பேரிங்கும் கேபிளும்தான் பாவம். பாதி பிடித்து ஊர்வதுதான் பிளேட்டைத் தின்னும்.

உப்புக்காற்று:
எல்லாரும் உள்ளே போய்விட்டீர்கள், வெளியே இருக்கும் கேபிளை யாரும் கேட்கவில்லை. நான் துறைமுகத்திலிருந்து தினமும் மீன் ஏற்றுகிறவன். ஐஸ் தண்ணி சொட்டச் சொட்ட ஓட்டுகிறேன். கடல் ஓரத்தில் நிற்கிற வண்டியில் கேபிள் உறைக்குள் துரு பிடிக்கும். லீவரை விட்டாலும் கம்பி முழுக்கத் திரும்பாது, இன்ஜின் பக்கம் கேபிள் இழுக்கிற ஆர்ம் பாதியில் நிற்கும். பிளேட் முழுசாக அமுங்காமல் வழுக்கும். போன மழைக்காலத்தில் எனக்கு 'செட் மாத்தணும்' என்று சொன்ன மெக்கானிக்கிடம் முதலில் கேபிளை மாற்றிக் கொடு என்றேன். அதோடு சரியாகிவிட்டது. லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். ஆட்டமே இல்லாமல் இறுக்கி வைத்திருந்தாலும் இதே கதைதான். ஆட்டம் மிதமிஞ்சினால் நேர்மாறு, கிளட்ச் பிரியாது, நியூட்ரல் விழாது.

வெர்னியர்:
மிகச் சரி. காசிமேடு, இன்னொன்று. கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள், என்ன ஆயில்?

காசிமேடு_150:
ஒரு மாதத்துக்கு முன். மச்சான் தன் காருக்கு வாங்கிய ஃபுல் சிந்தெடிக்கில் ஒரு லிட்டருக்கு மேல் மீதி இருந்தது. 5டபிள்யூ-30. விலை உயர்ந்த ஆயில், வீணாக வேண்டாம் என்று ஊற்றிக்கொண்டேன்.

கார்க்பிளேட்:
ஆச்சு. அந்த மச்சானைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

நான் திருவொற்றியூர்க்காரன். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் ஊர். அந்தப் பழைய நாலு கியர் புல்லட்டில் கிளட்ச் இடது பக்கம் தனி டப்பாவில், தனி ஆயிலில் இருந்தது. இன்ஜினில் எதை ஊற்றினாலும் கிளட்ச்சுக்குத் தெரியாது. உங்கள் வண்டியில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில் குளம். (உராய்ந்து பிடிக்கிற பிளேட்டை நாங்கள் இன்னும் 'கார்க் பிளேட்' என்கிறோமே, ஒரு காலத்தில் நிஜமாகவே கார்க் கட்டைகளைப் பதித்த பிளேட் இருந்ததால் வந்த பெயர் அது. கார்க் போய்விட்டது, பெயர் போகவில்லை.)

சோழவரம்_ஸ்ட்ரெயிட்:
கார் ஆயில் என்றாலே பூதம் மாதிரி பயமுறுத்துகிறீர்கள். 20டபிள்யூ-50 கார் ஆயிலை வருஷக்கணக்கில் பைக்கில் ஊற்றி ஓட்டியவர்கள் வடசென்னையில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்.

வெர்னியர்:
அதுவும் உண்மைதான். பழைய கெட்டி ரகங்களில் பெரும்பாலும் உராய்வைக் குறைக்கும் கலவை கிடையாது. 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 போன்ற எரிபொருள் மிச்சப்படுத்தும் ரகங்களில் அதைச் சேர்ப்பது வழக்கம். இன்ஜினுக்கு நல்லது, உங்களுடையது போல ஆயிலில் ஊறும் ஈரக் கிளட்ச்சுக்கு ஆகாது. கேனின் பின்பக்கம் வட்ட முத்திரையில் கீழ்ப்பாதியைப் பாருங்கள், எரிபொருள் சிக்கனம் பற்றி எழுதியிருந்தால் பைக்குக்கு வேண்டாம். இந்தக் குழப்பத்துக்காகத்தான் ஜப்பான்காரர்கள் 1998-இல் ஜாசோ தர அளவைக் கொண்டுவந்தார்கள். கியர் பைக்குக்கு எம்ஏ அல்லது எம்ஏ2. எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு, அதன் கிளட்ச் ஆயிலில் ஊறுவதில்லை.

சோழவரம்_ஸ்ட்ரெயிட்:
சரி, ஆயிலை மாற்றட்டும். மாற்றியும் வழுக்கினால் என் செட்தான். பந்தயமா?

காசிமேடு_150 (எட்டு நாள் கழித்து):
மன்னிக்கவும், வேலை. நடந்ததைச் சொல்கிறேன்.

எம்ஏ2 ஆயில் ஊற்றினேன். உப்புக்காற்று சொன்னபடி கேபிளைக் கழற்றினால் உள்ளே செம்மண் நிறம். அதையும் மாற்றினேன். நாலு நாள் ஓட்டியதில் தனியாகப் போகும்போது சுத்தமாகச் சரி. ஞாயிறு மூலக்கடையில் மூன்று பேரோடு ஏறினால் முன்பு அளவுக்கு இல்லை, ஆனால் கடைசி ஏற்றத்தில் லேசாக வழுக்குகிறது.

நேற்று பிரித்தோம். ஆயிலைக் கொட்டாமல் வண்டியை இடது பக்கம் நன்றாகச் சாய்த்து வைத்து வலப்பக்க மூடியைத் திறந்தார் மெக்கானிக். வெர்னியர் தம்பி தனிச்செய்தியில் கேட்டுக்கொண்டதற்காக, தடிமன் அளக்கும் வெர்னியர் கருவி ஒன்றைக் கடன் வாங்கிப் போயிருந்தேன். கார்க் பிளேட் புதிதில் 3 மில்லிமீட்டர். மூன்று பிளேட் 2.7, ரெண்டு 2.6. மேனுவலில் கடைசி அளவு 2.6. இரும்பு பிளேட் ரெண்டில் சூட்டால் நீலம் பாய்ந்திருந்தது. கண்ணாடி மேல் வைத்தால் ஒன்று ஆடுகிறது, வளைந்திருக்கிறது.

மெக்கானிக் 'ஸ்பிரிங் அப்படியே இருக்கட்டும், அடியில ஆளுக்கொரு வாஷர் வச்சு டைட் பண்ணிடலாம்' என்றார். வேண்டாம் என்றேன். கம்பெனி பிளேட், கம்பெனி ஸ்பிரிங், ரெண்டும் புதுசு. புது பிளேட்டை ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறப்போட்டு இன்று காலை மாட்டினோம். மூலக்கடை, மூன்று பேர், நாலாவது கியர். ஏறிவிட்டது.

கார்க்பிளேட்:
வாஷரை மறுத்தீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு டீ. ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டினால் கிளட்ச் பிரியவே பிரியாது.

சோழவரம்_ஸ்ட்ரெயிட்:
ஒரு நிமிஷம். பழைய ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்தீர்களா?

காசிமேடு_150:
அளந்தேன். நாலுமே மேனுவல் சொல்லும் கடைசி அளவைவிடக் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கம்மி.

சோழவரம்_ஸ்ட்ரெயிட்:
பார்த்தீர்களா! முதல் நாளே ஸ்பிரிங் என்றேன்.

கார்க்பிளேட்:
நீங்கள் சொன்னது கெட்டி ஸ்பிரிங். இங்கே தேவைப்பட்டது புது ஸ்பிரிங். ரெண்டும் ஒன்றா?

சோழவரம்_ஸ்ட்ரெயிட்:
தளர்ந்த ஸ்பிரிங்கோடு ஒப்பிட்டால் புது ஸ்பிரிங்கும் கெட்டி ஸ்பிரிங்தானே அண்ணே?

வெர்னியர்:
நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

காசிமேடு_150:
நீங்கள் பேசிக்கொண்டிருங்கள். மீதி அரை லிட்டர் ஆயிலை மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். 'ஏன் மாமா, ஸ்கூட்டிக்கு ஊத்தலாமா?' என்று கேட்கிறான். அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடட்டுமா?