பதக்க விளிம்பு தேய்மானமா, பெயர் மாற்றமா? கடிதத்தில் டேப் கறை வேறு

வணக்கம். முதல் உலகப்போர் செட் ஒன்று: பிரிட்டிஷ் வார் மெடல் (வெள்ளி), போரில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்த 120 மி.மீ. வெண்கல நினைவு வட்டு, கூடவே ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் கடிதம், அது வந்த உறை.

பெற்றவர் பெயர் பதக்கத்தின் விளிம்பில் அடித்திருக்கிறது. பதக்கத்தைக் கடிகார முகமாக வைத்து வெர்னியர் காலிப்பரில் விட்டம் அளந்தால் 3-9 மணி குறுக்கே 36.1 மி.மீ., பெயர் உள்ள பக்கம் 5-11 மணி குறுக்கே 35.7. பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு வேறு பெயர் அடித்தால் இப்படித்தான் குறையும். ஆனால் பல வருடம் பிராஸோ (உலோக பாலிஷ்) போட்டுத் தேய்த்தாலும் ஓரளவு குறையுமே? லென்ஸில் எந்த அடையாளத்தைப் பார்த்துப் பிரித்தறிவீர்கள்?

வட்டில் பெயர் மட்டும்தான்; எண், பதவி, படைப்பிரிவு எதுவும் கிடையாது. கடிதத்திலோ பெறுநர் பெயரே இல்லை, கையெழுத்தும் அச்சுதான். ஆக, மூன்றையும் ஒரே ஆளோடு சேர்ப்பவை விளிம்பும் உறையும்தான்.

அந்த உறையிலிருந்து கடிதத்தின் மடிப்பு வரை பழைய செல்லோ டேப். பிளாஸ்டிக் உரிந்துவிட்டது, பசை பழுப்பாகத் தாளுக்குள் இறங்கியிருக்கிறது. அசிட்டோன் வைத்தால் கறை வட்டமாகப் பரவுமோ என்று தொடவில்லை. பின்பக்கம் பிளாட்டிங் பேப்பர் (உறிஞ்சு தாள்) வைத்துச் செய்தவர்கள் இருந்தால், அசிட்டோன் எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சென்னையில் தாள் பாதுகாப்பு தெரிந்தவர்கள் இருந்தாலும் சரி.