சிங்கப்பூர் ஈசூன் வீட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழு

மூர்த்தி: எல்லாரும் இருக்கும்போதே பேசிடுவோம். ஈசூன் வீடு எனக்குன்னு அப்பா போறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில வாயால சொன்னார். ராதாவும் பக்கத்துல இருந்தா.

செல்வி: வாயாலதானே அண்ணே? எழுதிக் கொடுத்தாரா?

மூர்த்தி: அப்பா பேச்சுக்கு மரியாதை இல்லையா

ரவி: மரியாதை வேற, உயில் வேற அண்ணே. எழுதியிருக்கணும், ரெண்டு சாட்சி முன்னாடி அப்பா கையெழுத்துப் போட்டிருக்கணும். அப்படியே எழுதியிருந்தாலும் வீடு உங்களுக்கு வந்திருக்காது.

மூர்த்தி: அது எப்படி

ரவி: எச்டிபி, அதான் அரசாங்க வீடமைப்புக் கழகம், அவங்க பேப்பரைப் பாருங்க. அப்பாவும் அம்மாவும் ஜாயின்ட் டெனன்சி. ஒருத்தர் போயிட்டா முழு வீடும் மத்தவருக்கு. உயில் அதைத் தொடவே முடியாது. டெனன்சி இன் காமன்னா அவரவர் பங்கு தனி, அப்ப கதையே வேற.

ராதா அண்ணி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: படிச்சுட்டேன் அண்ணி

சித்தப்பா (ஊர்): இனிய காலை வணக்கம்

சித்தப்பா (ஊர்): அண்ணன் சிபிஎஃப்ல, அதான் சேமநிதில, எங்க அம்மா பேரைத்தான் நாமினியாப் போட்டிருந்தார். எனக்கு நல்லாத் தெரியும்.

ரவி: அது கல்யாணத்துக்கு முன்னாடி சித்தப்பா. 1986ல கல்யாணம் ஆனதுமே அந்த நாமினேஷன் ரத்து. அப்புறம் அப்பா புதுசாப் போடவே இல்ல. பணம் இப்ப பப்ளிக் டிரஸ்டிங்கிற அரசாங்க அதிகாரிகிட்ட. பாதி அம்மாவுக்கு, மீதி எங்க மூணு பேருக்கும் சமமா. 90,000 வெள்ளின்னு வைங்க, அம்மாவுக்கு 45,000, எங்களுக்குத் தலைக்கு 15,000. அதுல அவங்க கட்டணம் வேற கழிப்பாங்க. அப்பா ஒரு நாமினேஷன் போட்டிருந்தா இந்த அலைச்சலே இல்ல.

சித்தப்பா (ஊர்): கூடப்பொறந்தவனுக்கு?

ரவி: மனைவி பிள்ளைங்க இருக்கும்போது வராது சித்தப்பா

சித்தப்பா (ஊர்): சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்

ராதா அண்ணி: வரி எவ்வளவு வரும்? எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க நிறைய கட்டினாங்களாம்

ரவி: பழைய கதையா இருக்கும் அண்ணி. 2008 பிப்ரவரி 15லேர்ந்து இறந்தவங்க சொத்துக்கு இங்க மரண வரி கிடையாது. இந்தியாவுல 1985லயே எடுத்துட்டாங்க.

சித்தப்பா (ஊர்): பட்டுக்கோட்டை நிலம் ஆம்பளப் பிள்ளைங்களுக்குத்தான். செல்விக்கு சீர் செஞ்சு அனுப்பியாச்சுல்ல.

செல்வி: சீருக்கு ரசீது வச்சிருக்கீங்களா சித்தப்பா

ரவி: அந்த நிலத்துக்கு இந்தியச் சட்டம்தான் சித்தப்பா. அப்பா சொந்தக் காசுல வாங்கினது, உயிலும் இல்ல. அப்பாவோட சொந்தச் சொத்துல மகளுக்கும் சமப் பங்குன்னு 1956 சட்டத்துலயே இருக்கு. பாட்டியும் இல்ல, அதனால அம்மா, அண்ணன், அக்கா, நான், ஆளுக்குக் கால் பங்கு. இங்க அம்மாவுக்குப் பாதி, அங்க கால்தான்.

செல்வி: பட்டா இன்னும் அப்பா பேர்லதானே இருக்கு?

சித்தப்பா (ஊர்): பார்க்கணும்மா. கரண்ட் போயிடுச்சு.

அம்மா: நான் உயிரோடதான் இருக்கேன். காலைலேர்ந்து எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் இருக்கேன். வீட்டை மூணு பேருக்கும் சமமா உயில் எழுதப் போறேன். மூர்த்தி, உனக்கு எச்டிபி வீடு இருக்கு, ரெண்டு வச்சுக்க விடமாட்டாங்க. எனக்கப்புறம் வித்துக் காசாப் பிரிச்சுக்குங்க. ரவி, என் சிபிஎஃப் நாமினேஷனையும் போட்டுடு.

மூர்த்தி: உங்க இஷ்டம்மா

ராதா அண்ணி: அத்தை, உயிலுக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்

ரவி: வேணாம் அண்ணி! பங்கு வாங்குறவங்களோ அவங்க புருஷன் பொண்டாட்டியோ சாட்சி போட்டா அந்தப் பங்கே செல்லாது. நீங்க போட்டா அண்ணனுக்கு ஒண்ணும் வராது.

மூர்த்தி: ராதா, பேனாவை உள்ள வை

அம்மா: எதிர்வீட்டு லிம் ஆன்ட்டியும் மேல்மாடி மரியமும் சாட்சிக்கு வர்றாங்க. ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாடு இங்கதான். தம்பி, பட்டா நகலை இந்தக் குழுவுலயே போடுங்க.

சித்தப்பா (ஊர்): சரிங்க அண்ணி. ஃபோட்டோ கொஞ்சம் மங்கலா வரும்.

செல்வி: ஸ்கேன் எடுத்து அனுப்புங்க சித்தப்பா