தாத்தா ‘நம்ம பட்டாளத்து ஆளு’ன்னு சொன்ன அந்த இந்தி நடிகர் யாரு?

செந்தூல்பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். மகனுக்குப் பள்ளியில குடும்ப வரலாறு எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. திங்கட்கிழமை கொடுக்கணும். நான் தாத்தாவைப் பத்தி எழுதுடான்னு சொல்லிட்டேன், இப்ப நானே மாட்டிக்கிட்டேன்.

தாத்தா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பால் எடுக்க மரம் வெட்டினவர். 1943ல, 19 வயசுல, நேதாஜி பட்டாளத்துல சேர்ந்தார். அதைப் பத்தி வீட்டுல அதிகம் பேசமாட்டார். யாராவது கேட்டா, “சாப்பாடு இல்ல, கொசு இருந்துச்சு”ன்னு முடிச்சிடுவார். கடைசிக் காலத்துல எங்களோட கோலாலம்பூர் செந்தூல் ஃப்ளாட்டுல இருந்தார். டிவியில இந்திப் படம் போட்டா மலாய் சப்டைட்டிலோட பாட்டியும் நானும் பார்ப்போம். அவருக்கு மலாய் படிக்கத் தெரியாது, இந்தி கொஞ்சம் புரியும். பட்டாளத்துல கத்துக்கிட்டதாம்.

ஒரு குறிப்பிட்ட நடிகர் வந்தா மட்டும் சாய்வு நாற்காலியிலேர்ந்து நிமிர்ந்து உட்காருவார். “இவன் நம்ம பட்டாளத்து ஆளு. மலாயாவுல இருந்தவன்”ம்பார். பாட்டி, “நீங்க பார்த்தீங்களாக்கும்?”னு கிண்டல் பண்ணும். “பார்த்தாத்தானா?”ன்னு திருப்பிக் கேட்பார். அவ்வளவுதான் பேச்சு.

அந்த நடிகர் பேர் எனக்குத் தெரியாது. கனமான உடம்பு, ஏறின நெத்தி. எப்பவும் கதாநாயகிக்கு அப்பாவா, இல்லன்னா போலீஸ் அதிகாரியா வருவார். அழுதா தொண்டை நடுங்கும். தாத்தா 1996ல போயிட்டார். என் பெரியப்பா மகன், “கிழவன் சும்மா அளந்து விட்டிருப்பாரு லா”ங்கிறான். அப்படி ஒரு நடிகர் நிஜமாவே இருந்தாரா?

படப்பெட்டி_கிள்ளான்:

மேஜர் சுந்தரராஜன்தானே? அப்பா வேஷம், போலீஸ் வேஷம், நடுங்குற குரல் எல்லாம் ஒத்துப்போகுது. பேர்லயே மேஜர் இருக்கு. தாத்தா இந்திப் படம்னு நினைச்சு டப்பிங் எதையாவது பார்த்திருப்பார்.

பினாங்குக்காரி:

படப்பெட்டி அண்ணே, அவர் பட்டாளத்துக்கே போகல. ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்துல மேஜரா நடிச்சதால ஒட்டிக்கிட்ட பட்டம் அது. இப்படிப் பார்த்தா எங்க ஊர் மலாய் நடிகர் பி. ராம்லிகூட சார்ஜன்தான்! ‘சார்ஜான் ஹசான்’ 1958ல வந்துச்சு, மலாய் ரெஜிமென்ட் கதை. ஆனா ஜப்பான்காரன் காலத்துல அவர் பினாங்குல ஜப்பான் கடற்படை நடத்தின பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டிருந்த பையன். படத்துல துப்பாக்கி பிடிக்கிறதுக்குப் பட்டாளம் தேவையில்ல.

செந்தூல்பேரன் கேட்கிறது நிஜப் பட்டாளத்துக்காரரை. இதுக்கு நம்ம ஃபயர்மேன் ஐயா வரணும்.

பழைய_ஃபயர்மேன்:

கூப்பிட்டாச்சா, வந்துட்டேன். கண்ணாடி இல்லாம டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

தம்பி, உங்க தாத்தா அளக்கல. அவர் சொன்ன ஆள் நசீர் உசேன். எனக்கு எப்படித் தெரியும்னா, 1965ல நான் மலாயன் ரயில்வேயில சேர்ந்தப்ப செந்தூல்ல ஒரு வடநாட்டு ரயில் கார்டு இருந்தார். காசிப்பூர் ஜில்லா அவருக்கு. பத்து ரோடு கொலிசியத்துல இந்திப் படம் வந்தா என்னை இழுத்துக்கிட்டுப் போவார். நசீர் உசேன் திரையில வந்ததும் பக்கத்துல இருக்கிறவன் விலாவுல இடிச்சு, “எங்க ஊர்க்காரன், உசியா கிராமம்”பார். தெரியாதவனையும் இடிப்பார். ஒருநாள் அடி விழுந்திருக்கும், தப்பிச்சோம்.

எனக்கு அவர்மேல ஒட்டுதல் வந்தது வேற காரணத்தால. நசீரோட அப்பா ரயில் டிரைவர். நசீரும் பட்டாளத்துக்குப் போறதுக்கு முன்னாடி சில மாசம் ரயில்ல ஃபயர்மேனா, அதாவது எஞ்சினுக்குத் தீ மூட்டுறவரா, இருந்திருக்கார். என் தொழில்! நான் சேர்ந்தப்ப இங்கே எஞ்சின் எல்லாம் எண்ணெய்க்கு மாறியாச்சு. பத்து ஆராங் கரிச்சுரங்கத்தையே 1960ல மூடிட்டாங்க. எனக்கு எண்ணெய்க் குழாயைத் திருகுற வேலைதான். அவர் காலத்துல மண்வெட்டியால கரி அள்ளிப் போடணும், கண் இமை கருகும். அப்படிப்பட்ட வேலையை விட்டுட்டுப் பட்டாளத்துக்குப் போனவனை நான் குறை சொல்லமாட்டேன்.

பிரிட்டிஷ் பட்டாளத்துல சேர்ந்தவரை மலாயா, சிங்கப்பூர் பக்கம் அனுப்பினாங்க. ஜப்பான்காரன் 1941 டிசம்பர் 8ல கோத்தாபாருவுல இறங்கினான், ஜனவரி 11ல கோலாலம்பூர் போச்சு, பிப்ரவரி 15ல சிங்கப்பூரே சரணடைஞ்சது. ரெண்டு நாள் கழிச்சு ஃபேரர் பார்க் திடல்ல இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியா வரவழைச்சு ஜப்பான்காரன் கையில ஒப்படைச்சான் வெள்ளைக்காரன். ஆயிரக்கணக்கான பேர். துரை போயிட்டான், நீ யாருடா இப்பன்னு கேட்கிற மாதிரி. நசீரும் போர்க்கைதியா இருந்தவர்தான், அப்புறம் நேதாஜி பட்டாளத்துல சேர்ந்தார்.

உங்க தாத்தா சேர்ந்தது வேற வழி. 1943 ஜூலையில நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகுதான் தோட்டத்து சனம் திரண்டு போய்ச் சேர்ந்தது. துப்பாக்கியே தொடாத நம்ம தமிழாளுங்க. என் அப்பா செந்தூல் பட்டறையிலேர்ந்து போனவர். இன்னொண்ணு கவனிச்சீங்களா? அந்த வருசம் அக்டோபர் 21ந் தேதி சுதந்திர இந்திய அரசாங்கத்தை நேதாஜி பிரகடனம் பண்ணினது சிங்கப்பூர் கேத்தே கட்டடத்துல. சினிமாக் கொட்டகை! ஒரு நாட்டையே சினிமாக் கொட்டகையில ஆரம்பிச்ச பட்டாளம், அதுலேர்ந்து ஒரு நடிகன் வந்தா ஆச்சரியமா?

போர் முடிஞ்சு ஊருக்குப் போனா வேலை கிடைக்கல. சுதந்திரம் வந்த பிறகும் நேதாஜி ஆளுங்களை இந்தியப் பட்டாளத்துல திரும்பச் சேர்த்துக்கல. இவர் நாடகம் போட ஆரம்பிச்சார். கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் ஸ்டூடியோ முதலாளி பி.என். சர்க்கார் கண்ணுல பட்டு, அங்கே இயக்குநர் பிமல் ராய்கிட்ட உதவியாளர் ஆனார். பிமல் ராய் 1950ல எடுத்த ‘பெஹ்லா ஆத்மி’ நேதாஜி பட்டாளத்துக் கதை. அதுல கதை வசனத்துல இவர் கை இருந்துச்சு, நடிக்கவும் செஞ்சார். ரத்தம் சிந்தினதுல பாதி நம்மாளு, படம் எடுத்தது கல்கத்தாக்காரன். நம்மகிட்ட காமிராவும் இல்ல, பேசுற பழக்கமும் இல்ல. என் அப்பா உங்க தாத்தா மாதிரியேதான். போர்க்காலத்துல தின்னு வெறுத்த மரவள்ளிக்கிழங்கு வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு ஒரு சட்டம் வெச்சிருந்தார், அதைத் தவிரப் போரைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

அப்புறம் 1953ல ‘தோ பீகா ஜமீன்’. அதுல ரிக்‌ஷாக்காரர். 1955ல ‘தேவதாஸ்’. அதுல வேலைக்காரன் தரம்தாஸ். தேவதாஸ் திலீப் குமாரும் நசீரும் ஒரே வருசம், 1922ல பிறந்தவங்க. ஆனா ஒருத்தர் சின்ன எசமான், இன்னொருத்தர் அவரைத் தூக்கி வளர்த்த கிழவன்! 1967 ‘ஜுவல் தீஃப்’ல தேவ் ஆனந்துக்கு அப்பா, தேவ் ஆனந்தைவிட ஒரு வயசுதான் மூப்பு. ஜப்பான்காரன் முகாமுல பட்டினி கிடந்தவனுக்கு முப்பது வயசுலயே அப்பன் முகம் வந்துடும்போல.

இந்த இடத்துல எனக்கு ஆடி மர்ஃபி ஞாபகம் வரும். சின்ன வயசுல நாங்க விழுந்து விழுந்து பார்த்த கௌபாய் நடிகன். அவனும் நிஜச் சிப்பாய். டெக்சாஸ்ல குத்தகை விவசாயி மகன், ஆள் குள்ளம்னு மெரீன்காரன் வேணாம்னுட்டான். 1945 ஜனவரியில பிரான்சுல, தீப்பிடிச்ச டாங்கி மேல தனியா ஏறி நின்னு ஒரு மணி நேரம் மெஷின்கன்னால ஜெர்மன்காரனைத் தடுத்தவன். அமெரிக்காவோட மிகப்பெரிய வீரப் பதக்கம் கொடுத்தாங்க. பத்திரிகை அட்டையில அவன் படத்தைப் பார்த்துட்டுத்தான் நடிகர் ஜேம்ஸ் காக்னி ஹாலிவுட்டுக்குக் கூப்பிட்டார். 1955ல அவன் கதையையே படமா எடுத்து, அவனையே அவனா நடிக்க வெச்சாங்க. வசூல் கொட்டுச்சு. ராத்திரி தலைகாணிக்கடியில குண்டு போட்ட துப்பாக்கி இல்லாம தூக்கம் வராது அவனுக்கு. 1971ல விமான விபத்துல செத்தப்ப 45 வயசு.

அதே 1955ல நம்ம ஆளு தரம்தாஸ். ஜெயிச்ச பட்டாளத்துக்காரன் அவனாவே நடிக்கலாம். தோத்த பட்டாளத்துக்காரனுக்கு அடுத்தவனோட அப்பன் வேஷம், அடுத்தவனோட வேலைக்காரன் வேஷம். சலுகைன்னு கிடைச்சது ரயில்ல இலவசமா போறதுக்கு ஆயுள்கால பாஸ். எஞ்சின்ல கரி போட்டவனுக்கு ரயில் பாஸ்! எங்க பட்டறையில சொன்னா சிரிப்பானுங்க.

ஆனா பாவம்னு முடிச்சிடாதீங்க, அவர் வேற ஒண்ணு சாதிச்சார். ராஜேந்திர பிரசாத் ஜனாதிபதியா இருந்தப்ப, நம்ம போஜ்பூரி மொழியில ஏன் ஒரு படம் எடுக்கக்கூடாதுன்னு இவர்கிட்ட கேட்டார். அதுக்காகவே எழுதின கதைதான் 1963ல வந்த ‘கங்கா மையா தொஹே பியரி சடாய்போ’. விதவை மறுமணக் கதை, முதல் போஜ்பூரிப் படம். அந்த கார்டு இந்தப் படத்தைப் பத்திச் சொல்லும்போது மட்டும் விலாவுல இடிக்கமாட்டார், கண்ணைத் துடைச்சுக்குவார். இந்திக்காரனுக்கே ஒரு வீட்டுப் பேச்சு உண்டு, அது திரையில கேட்டா இப்படி ஆகும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். 1987ல நசீர் காலமானார்.

சந்தேகம்னா ‘தேவதாஸ்’ பழசைப் போட்டுப் பாருங்க தம்பி. கடைசியில ரயில்ல தரம்தாஸ் தூங்கிடுவார், தேவதாஸ் இறங்கிப் போயிடுவான். ஃபயர்மேன் ரயில்ல தூங்கலாமான்னு நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

படப்பெட்டி_கிள்ளான்:

மேஜர் பதிலை வாபஸ் வாங்கிக்கிறேன். ஐயா, எதிர்ப்பக்கமும் ஒரு ஆள் உண்டே, தோஷிரோ மிஃபுனே. ஜப்பான் பட்டாளத்துல விமானப் படப் பிரிவுல இருந்தவர். போர் முடிஞ்சு தோஹோ ஸ்டூடியோவுல காமிரா உதவியாள் வேலைக்குத்தான் போனார். நடிகர் தேர்வுல கொண்டு போய் நிறுத்திட்டாங்க. அவரும் தோத்த பட்டாளம்தான், ஆனா கதாநாயகன் ஆனாரே? ‘ஏழு சாமுராய்’ பார்த்தவங்களுக்குத் தெரியும். உங்க கணக்கு இடிக்குது.

பழைய_ஃபயர்மேன்:

இடிக்கட்டும். ஜப்பான் தோத்தாலும் அவனுக்கு ஒரு நாடு இருந்துச்சு, ஊர்ல எல்லாருமே தோத்தவன். நேதாஜி ஆளு திரும்பிப் போன ஊர்ல பாதிப் பேர் அவனைத் தியாகிங்கிறான், மீதிப் பேர் ஓடிப்போனவங்கிறான். ரெண்டும் ஒண்ணில்ல.

மிஃபுனே நல்ல நடிகர்தான். எங்க அப்பா அவர் படத்துக்கு என்னைப் போகவிடல.

செந்தூல்பேரன்:

ஐயா, என்ன சொல்றதுன்னே தெரியல. இவ்வளவு எதிர்பார்க்கல. ஒரே ஒரு கேள்வி: தாத்தா இவரை நேர்ல பார்த்திருக்க வாய்ப்பு உண்டா?

பழைய_ஃபயர்மேன்:

பார்த்தார்னு மகன்கிட்ட எழுதச் சொல்லாதீங்க. பட்டாளத்துல பல பத்தாயிரம் பேர். சிப்பாயா இருந்து வந்தவங்க ஒரு பக்கம், தோட்டத்துலேர்ந்து வந்தவங்க ஒரு பக்கம். உங்க தாத்தாவே பதில் சொல்லிட்டாரே, “பார்த்தாத்தானா?”ன்னு. அதை அப்படியே எழுதச் சொல்லுங்க.

செந்தூல்பேரன்:

நேத்து ராத்திரி மகனோட உட்கார்ந்து ‘தேவதாஸ்’ போட்டேன். கறுப்பு வெள்ளைன்னதும் பத்து நிமிசத்துல அவன் ஃபோனை எடுத்துட்டான். அம்மா அடுப்படியில தோசை ஊத்திக்கிட்டிருந்தாங்க, டிவி பக்கம் முதுகு. நாங்க என்ன பார்க்கிறோம்னு அவங்களுக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்ல. தரம்தாஸ் வந்து நாலு வார்த்தை பேசினார்.

அம்மா திரும்பாமலே, “அப்பாவோட ஆளு வந்துட்டானா?”ன்னாங்க.

மகன் ஃபோனைக் கீழே வெச்சுட்டான். பேரை ஒருதரம் எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கப்பான்னு கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டான்.