1964 லிங்கன் கான்டினென்டல்: டிக்கி மூடி திறக்கிறது, கூரை மடங்கவில்லை

டெட்ராய்ட்வாசி:
நான்கு கதவு கன்வெர்ட்டிபிள், அதாவது துணிக்கூரை மடங்கும் கார். பொத்தானை அழுத்தினால் டிக்கி மூடி எழுகிறது, அதோடு சரி. கூரையின் முன்விளிம்பு முன்கண்ணாடிச் சட்டத்தை விட்டு விலகவே இல்லை. எஞ்சின் ஓட்டத்தில்தான் பார்த்தேன், பேட்டரியும் புதிது. கூரையை முன்கண்ணாடிச் சட்டத்தோடு பூட்டித் திறக்கும் கூரைப் பூட்டு மோட்டார் போய்விட்டது, மாற்றணும் என்கிறார் மெக்கானிக். பணம் போடும் முன் உங்களிடம் கேட்கிறேன்.

குரோம்காதலன்:
மோட்டாரை இப்போதே வாங்காதீர்கள். ஃபியூஸ், எர்த் இணைப்பு பார்த்தாச்சா?

டெட்ராய்ட்வாசி:
பார்த்தாச்சு, எல்லாம் சரி.

பழையரிலே:
நண்பரே, இந்தக் கூரையில் ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்த வேலைக்கு மின்சாரம் போகும். லிங்கனின் தாய் நிறுவனமான ஃபோர்டு 1957 முதல் 1959 வரை ஸ்கைலைனர் என்ற காரில் இரும்புக் கூரையையே டிக்கிக்குள் மடித்தது. அந்த அனுபவம்தான் இங்கே துணிக்கூரைக்கு வந்தது. கணினி கிடையாது, ரிலேக்களும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) லிமிட் சுவிட்சுகளும் (ஒரு பாகம் கடைசிவரை நகர்ந்ததைச் சொல்பவை) தான். மூடி முழுக்கத் திறந்தது என்று சுவிட்ச் சொல்லாதவரை கூரைப் பூட்டு மோட்டார் அசையாது.

இவ்வளவு சிக்கல் எதற்கு என்றால், அந்த வடிவத்துக்காக. ஃபோர்டு வடிவமைப்பாளர் எல்வுட் எங்கெல் குழு முதலில் தண்டர்பேர்டு என்ற ஃபோர்டு காருக்காக வரைந்தது இது. ஃபோர்டின் உயர் நிர்வாகி ராபர்ட் மக்னமாரா பார்த்து, நான்கு கதவு லிங்கனாக்கச் சொன்னார். 1961 மாடலாக வந்தது. வால்துடுப்பு இல்லை, பக்கங்கள் வழவழப்பு. மடித்த துணி பின்சீட்டுக்குப் பின்னால் மூட்டையாகத் துருத்தினால் அந்த நேர்கோடே கெட்டிருக்கும். அதனால் கூரை முழுவதும் டிக்கிக்குள் போகிறது, மூடியும் பின்பக்கக் கீலில் திறக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் இதைவிட அழகான பின்புறம் எனக்குத் தெரியாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கட்டும். மூடி நின்றதும், நீங்கள் வெளியே நின்று அதை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். கை உள்ளே போகக் கூடாது. கூரைப் பூட்டு மோட்டார் ஓடினால், கோளாறு எண்ணெய் அழுத்தத்தால் மூடியைத் தூக்கும் ஹைட்ராலிக்கில்; மூடி முழுக்க எழாததால்தான் சுவிட்ச் சொல்லவில்லை. ஓடவில்லை என்றால் அந்த லிமிட் சுவிட்சில் மின்சாரம் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள்.

டெட்ராய்ட்வாசி:
அண்ணா, இரண்டு விரல் அளவு தள்ளியதும் மோட்டார் ஓடியது! கூரையும் மடங்கிவிட்டது. ஹைட்ராலிக் பம்ப் எண்ணெய் பாதிக்கும் கீழே. இடது ஹைட்ராலிக் சிலிண்டருக்குப் போகும் ரப்பர் குழாய் முனையில் கசிவு.

குரோம்காதலன்:
இந்தப் பழைய ரிலேக்களைத் தூக்கிவிட்டு எலெக்ட்ரானிக் பெட்டி போட்டுவிடலாமே?

பழையரிலே:
ரிலே இங்கே பிழை செய்யவில்லையே. நான்கு கதவு கன்வெர்ட்டிபிள் 1967 மாடலோடு நின்றுபோனது; அதன் வயரிங்கில் கைவைக்க எனக்கு மனசு வராது. தம்பி, இரண்டு பக்கக் குழாயையும் சேர்த்தே மாற்றுங்கள். எண்ணெய் ஊற்றியதும் கூரையை நாலைந்து முறை ஏற்றி இறக்கி, காற்றுக்குமிழ் போன பிறகு அளவை மறுபடி பாருங்கள்.