டெக்சஸில் வேட்டை லீஸ்: பணம் கட்டி நிலத்துக்குள் போன நம்மவர்களின் அனுபவம்

டாலஸிலிருந்து:

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் மான் வேட்டைக்குப் போக ஆசைப்படும் நம் தமிழர்கள் எடுத்தவுடன் எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்கிறார்கள். எங்கே போய்ச் சுடப் போகிறோம் என்பது அதற்கு முந்தைய கேள்வி. இந்த மாநிலத்தில் ஏறத்தாழ 95 சதவீத நிலம் தனியார் கையில் இருக்கிறது. வேட்டை லைசென்ஸை அரசு கொடுத்துவிடும், காலை வைக்க இடம் கொடுக்க வேண்டியவர் பண்ணைக்காரர். அவருக்குப் பணம் கட்டி எடுப்பதுதான் லீஸ். ஏக்கருக்கு இவ்வளவு என்றும் பேசுவார்கள், ஆளுக்கு இவ்வளவு என்றும் பேசுவார்கள். நான் விசாரித்த இடங்களில் வருடத்துக்கு ஏக்கருக்கு 10 டாலரிலிருந்து 25 டாலர் வரை சொன்னார்கள். பெரிய கொம்பு மானுக்குப் பேர்போன தெற்குப் பகுதியில் அதற்கும் மேல்.

எங்கள் குழுவின் லீஸ் சான் ஆஞ்சலோவுக்குத் தெற்கே இருக்கிறது. மெஸ்கீட் மரமும் சப்பாத்திக்கள்ளியும் மண்டிய வறண்ட பூமி. மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். பரமக்குடிப் பக்கம் வளர்ந்த எனக்கு முள் எங்கே குத்தும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நிலத்துக்காரர் எழுபதைத் தாண்டிய பெரியவர். செம்மறியும் மாடும் வளர்க்கிறார். விளம்பரம் பார்த்துப் போன் செய்தபோது விலை சொல்லாமல் நேரில் வரச் சொன்னார். போனதும் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு நிலம் முழுக்கச் சுற்றிக் காட்டினார். வழியில் வந்த ஒவ்வொரு கேட்டிலும் இறங்க வேண்டியது நாங்கள். மூடியிருந்த கேட்டைத் திரும்ப மூடினோம், திறந்து கிடந்ததைத் திறந்தபடியே விட்டோம். அதைத்தான் அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார் என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னார். திறந்திருக்கும் கேட்டை நல்ல எண்ணத்தில் யாராவது மூடிவிட்டால் ஆடுகள் தண்ணீர்த் தொட்டிக்குப் போக முடியாமல் நின்றுவிடும்.

பணப் பேச்சு அதற்கப்புறம்தான் வந்தது. 2011 வறட்சியில் புல் கருகிப்போய், மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாராம். அந்த வருடம் சொத்து வரி கட்டியது வேட்டைக்காரர்கள் கொடுத்த பணத்தில். அவர் அண்ணன் பங்கில் வேட்டைக்கு விடவில்லை. அது இன்று துண்டு துண்டாக விலைபோய், சுற்றிலும் புதுப்புது வேலிகள். இதைக் கேட்டபின் எங்களில் யாருக்கும் பேரம் பேச வாய் வரவில்லை. காட்டில் திரியும் மானுக்கு நிலத்துக்காரருக்கு எதற்குக் காசு என்று கேட்கிறவர்கள் உண்டு. மான் சட்டப்படி மாநில மக்களின் சொத்து, உண்மைதான். ஆனால் அது குடிக்கும் தண்ணீரை இறைக்கும் பம்புக்கும், அது மேயும் நிலத்தின் வரிக்கும் செலவு செய்கிறவர் அவர்தான். நாம் கொடுப்பது அதற்கு.

எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். எத்தனை பேர், விருந்தாளியைக் கூட்டி வரலாமா, ஆளுக்கு எத்தனை ஆண் மான் சுடலாம், மானுக்கு மக்காச்சோளம் போடும் ஃபீடரை யார் நிரப்புவது, நெருப்பு மூட்டலாமா, மான் சீசன் முடிந்தபின் காட்டுப்பன்றி வேட்டைக்கு வரலாமா. பக்கத்து மேய்ச்சல் நிலத்தை எடுத்திருந்த ஒரு குழுவில் விருந்தாளி விஷயம் வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தது. நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு மச்சான், மைத்துனன் என்று மூன்று வண்டிகள் வந்து நின்றன. அடுத்த வருடம் அவர்களுக்கு அந்த நிலம் கிடைக்கவில்லை. பணம் வாங்கி வேட்டைக்கு விடுகிறவர் மாநில வனவிலங்குத் துறையிடம் வேட்டை லீஸ் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். காட்டுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள், நேர்மையான ஆள் கோபப்பட மாட்டார். அடிபட்டால் வழக்குப் போட மாட்டேன் என்று உங்களிடமும் கையெழுத்து வாங்குவார்கள். அது இங்கே வழக்கம்தான்.

வேலிக் கம்பத்திலோ மரத்திலோ ஊதா வர்ணத்தில் செங்குத்துக் கோடு தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அந்தப் பக்கம் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது என்று அதற்கு அர்த்தம். எழுத்துப் பலகை வைத்ததற்குச் சமம். அடிபட்ட மான் வேலி தாண்டிப் போனாலும் அந்த நிலத்துக்காரரைக் கேட்காமல் தாண்டாதீர்கள். எங்களுக்கு அப்படி நேர்ந்தபோது பெரியவரே பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுப் பேசினார். அவர்கள் டார்ச்சோடு வந்து எங்களோடு சேர்ந்து தேடினார்கள்.

எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். இப்படிக் குடியேற்றம் இல்லாத, தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. தனியார் நிலத்தில் நிலத்துக்காரர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட லைசென்ஸ் வேண்டாம் என்று 2019-இல் டெக்சஸ் சொல்லிவிட்டது. அதை நம்பி லைசென்ஸ் எடுக்காமல் இருந்தால் மாநிலச் சட்டத்தில் தப்பு இல்லை, மத்தியச் சட்டத்தில் மாட்டுவீர்கள். டெக்சஸ் வருட லைசென்ஸ் ஆகஸ்ட் 31-உடன் காலாவதியாகும். தேதியைக் குறித்து வையுங்கள், சந்தேகம் இருந்தால் வக்கீலைக் கேளுங்கள்.

கான்சஸ், விச்சிட்டாவிலிருந்து:

அண்ணன் எழுதியதைப் படித்தேன். எங்கள் மாநிலத்திலும் நிலம் பெரும்பாலும் தனியாருடையதுதான், ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. 1995 முதல் அரசே விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து நிலத்தை எடுத்து, லைசென்ஸ் உள்ள எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. பலகை இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து உள்ளே போகலாம். இப்போது பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் இப்படி இருக்கிறது. நான் ஃபெசன்ட் கோழி வேட்டைக்குப் போகும் கோதுமைக் காட்டுக்காரரிடம் ஏன் அரசுக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். வாசலில் தெரியாத ஆட்கள் வந்து கதவைத் தட்டுவது நின்றுவிட்டது என்றார். ஆனால் அடுத்த காட்டுக்காரர் விலகிவிட்டார். வெளியூர் ஆட்களுக்கு மான் வேட்டை ஏற்பாடு செய்கிற ஒரு கம்பெனி அரசு கொடுப்பதைவிடப் பல மடங்கு கொடுத்து மொத்தமாக எடுத்துக்கொண்டது. அந்தக் காட்டில் சின்ன வயதிலிருந்து சுட்டுவந்த உள்ளூர்க்காரர்கள் இப்போது ரோட்டில் நின்று பார்க்கிறார்கள். இது எனக்கு மனசு ஒப்பவில்லை.

டென்வரிலிருந்து:

எங்கள் மேற்குப் பக்கத்தில் சிக்கலே வேறு. அரசின் பொது நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகைக் கட்டங்களாக மாறிமாறிக் கிடக்கும். பொது நிலத்துக்குப் போகவே தனியாருக்குப் பணம் கட்ட வேண்டிய நிலை பல இடங்களில் இருந்தது. 2021-இல் வயோமிங்கின் எல்க் மலையில் மிசூரியிலிருந்து வந்த நான்கு பேர் இரண்டு பொதுக் கட்டங்கள் மூலையில் சந்திக்கும் இடத்தில் ஏணி வைத்துத் தாண்டினார்கள். தனியார் மண்ணில் கால் படவில்லை. நிலத்துக்காரர் வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் இங்கே டென்வரில் இருக்கும் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் பொது நிலத்தை வேலி போட்டு அடைப்பதைத் தடுக்கும் 1885-ஆம் வருடத்துச் சட்டத்தைக் காட்டி வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பு பத்தாவது வட்டத்துக்குள் வரும் கான்சஸ், கொலராடோ உள்பட ஆறு மாநிலங்களுக்கு மட்டும்தான். மொன்டானா அதில் இல்லை, அங்கே போய் ஏணி வைக்காதீர்கள்.

டாலஸிலிருந்து:

கான்சஸ் தம்பி சொன்னபடி, அதிகப் பணம் கொடுப்பவர் நிலத்தை எடுத்துக்கொள்வது இங்கேயும் நடக்கிறது. லீஸுக்குப் பணம் இல்லாதவர்கள் டெக்சஸ் அரசின் 48 டாலர் வருடப் பொது வேட்டை பெர்மிட்டைப் பாருங்கள்; மொத்தம் ஏறக்குறைய பத்து லட்சம் ஏக்கரில் போகலாம். கூட்டம் இருக்கும், அதனால் வார நாளில் போங்கள். எங்கள் லீஸில் ஒருவர் வேலை மாறி சியாட்டில் போகிறார். பெரியவர் சம்மதித்தால் அந்த இடம் காலியாகும். வர நினைப்பவர்கள் முதலில் மாநிலத்தின் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள், நானே கூட்டிக்கொண்டு போய் அவரிடம் அறிமுகம் செய்கிறேன்.