பிஎஸ்5-க்கு ஸ்டியரிங் வீல்: செகண்ட் ஹேண்டில் வருவதை வாங்கலாமா?

முதல்கியர்:
வணக்கம் நண்பர்களே. வீட்டில் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) இருக்கிறது, கிரான் டூரிஸ்மோ 7 (ஜிடி7) கார் ரேஸ் கேமை ஒரு வருடமாக கன்ட்ரோலரிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன், இனி வீல் இல்லாமல் முடியாது என்ற நிலைக்கு வந்தாயிற்று. பட்ஜெட் இருபதாயிரம். தெரிந்தவர் ஒருவர் லாஜிடெக் வீலை மூன்று பெடலோடு 12 ஆயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். என்ன மாடல் என்று கேட்டால் "ஜி9 ஏதோ வரும், எல்லாம் ஒன்றுதான், யூஎஸ்பியில் சொருகினால் ஓடும்" என்கிறார். இன்னொரு பக்கம் ஆன்லைனில் ஆறாயிரத்துக்கே புது வீல் இருக்கிறது, பெட்டியில் எல்லா கன்சோல் பெயரும் போட்டிருக்கிறது. எதை வாங்க? தனி அறை கிடையாது. சாப்பாட்டு மேஜையில் மாட்டி, ஓட்டி முடித்ததும் கழற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மா விடமாட்டார்.

கொல்லிமலை70:
எல்லாம் ஒன்றுதான் என்றால் உஷாராகி விடுங்கள். கணினிக்குத்தான் எந்த வீலும் ஓடும். கன்சோலில் சோனியின் பிளேஸ்டேஷனுக்கென்று செய்த வீலை எக்ஸ்பாக்ஸ் கண்டுகொள்ளாது, எக்ஸ்பாக்ஸ் வீலை பிஎஸ்5 கண்டுகொள்ளாது. ஜி29 என்றால் பிஎஸ், ஜி920 என்றால் எக்ஸ்பாக்ஸ். உருவத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஜி29-இல் முக்கோணம், வட்டம், சதுரம் பட்டன்களும் கீழே சிவப்பாக ஒரு திருகு டயலும் நடுவில் மேலே வரிசையாக ஆர்பிஎம் (இன்ஜின் வேகம்) காட்டும் விளக்குகளும் இருக்கும். ஜி920-இல் ஏ, பி, எக்ஸ், ஒய் பட்டன்கள், விளக்கு கிடையாது. 2020-இல் வந்த ஜி923-இல்தான் குழப்பம், அது இரண்டு கன்சோலுக்கும் தனித்தனியாக அதே பெயரில் வருகிறது, விளக்கு இரண்டிலும் உண்டு, பட்டன் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். அவரிடம் ஒரு போட்டோ கேளுங்கள்.

முதல்கியர்:
போட்டோ வந்தது. ஏ, பி, எக்ஸ், ஒய். நல்ல வேளை.

பெல்ட்டிரைவ்:
தப்பித்தீர்கள். ஆறாயிரம் ரூபாய் சமாச்சாரம் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த மாதிரி ஒன்றை வாங்கி அழுதவன் நான். அதில் மோட்டார் இல்லை, உள்ளே ஸ்பிரிங்கோ ரப்பரோ இருக்கும், திருப்பினால் நடுவுக்கு இழுக்கும், அவ்வளவுதான். கார் வழுக்குகிறதா, டயர் பிடிக்கிறதா என்று கைக்கு எதுவும் தெரியாது. என்னுடையது ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை 270 டிகிரிதான் திரும்பும், ஜி29 900 டிகிரி திரும்பும். பிஎஸ்4-இல் ஓட்ட வேண்டுமென்றால் கன்ட்ரோலரையும் வயர் போட்டு வீலில் சொருக வேண்டும், பிஎஸ்5 கேம் திறந்தால் வீல் இருப்பதே தெரியாது. ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது மோட்டார் கைக்குக் கொடுக்கும் இழுப்பு, இல்லாத வீலைவிட உங்கள் கையில் இருக்கும் கன்ட்ரோலர் எவ்வளவோ தேவலை.

முதல்கியர்:
சரி, அப்படியானால் ஜி29-ஆ, த்ரஸ்ட்மாஸ்டரா? டைரக்ட் டிரைவ் என்று வேறு சொல்கிறார்களே?

பெல்ட்டிரைவ்:
ஜி29-க்குள் மோட்டாருக்கும் வீலுக்கும் நடுவே பல்சக்கரம், அதனால் குலுங்கும்போது கடகடவென்று சத்தம் வரும், ஆனால் அடித்தாலும் உடையாது. த்ரஸ்ட்மாஸ்டரின் டி300 பெல்ட்டில் ஓடுவது, வெண்ணெய் மாதிரி திரும்பும், ரொம்ப நேரம் ஓட்டினால் சூடாகி உள்ளே விசிறி கத்த ஆரம்பிக்கும். அவர்களுடைய டி248 இரண்டுக்கும் நடுவில், அதன் பெடலில் காந்த சென்சார் என்பதால் தூசிப் பிரச்சினை இல்லை, பிளேஸ்டேஷன் பதிப்புதானா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். டைரக்ட் டிரைவில் மோட்டார் அச்சிலேயே வீல் உட்கார்ந்திருக்கும். ஃபனாடெக் கம்பெனியின் சாதாரண மாடலே 5 நியூட்டன் மீட்டர் (திருப்பு விசையின் அளவு) இழுக்கும், ஜி29 சுமார் 2தான். சாப்பாட்டு மேஜைக்கு அது வேண்டாம், மேஜையே ஆடும். பழைய ஜி29 நல்ல நிலையில் கிடைத்தால் போதும்.

கொல்லிமலை70:
பார்க்கப் போகும்போது அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் மோட்டார் வேலை செய்யாது. மின்சாரமும் யூஎஸ்பியும் கொடுத்ததும் வீல் தானாக இரண்டு பக்கமும் கடைசி வரை திரும்பி நடுவுக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் கிளம்பி வாருங்கள். மேலே இருக்கும் சின்ன சுவிட்ச் பிஎஸ்4 பக்கம் இருக்கட்டும், பிஎஸ்5-க்கும் அதுதான். ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதித்துக்கொண்டே திரையில் பாருங்கள், அளவு நடுங்கித் துள்ளினால் உள்ளே பெடல் அழுத்தத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி. கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் அதைச் சொல்லி ஆயிரம் ரூபாய் குறைக்கலாம்.

முதல்கியர்:
பத்து நாள் கழித்து வருகிறேன். ஜி29 கிடைத்தது, 14 ஆயிரம். கடகட சத்தம் இருக்கிறது, மற்றபடி அருமை. ஆனால் இரண்டு பிரச்சினை. ஒன்று, பிரேக் முழுக்கப் பிடிப்பதில்லை, திரையில் பிரேக் கோடு முக்கால்வாசியில் நின்றுவிடுகிறது, கேமில் சுகுபா டிராக்கில் முதல் வளைவிலேயே நேராக வெளியே போகிறேன். இரண்டாவது, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பிரேக் மிதித்தால் கார் நிற்கிறதோ இல்லையோ, நான் சுவர் வரை பின்னால் போகிறேன்.

ஹேர்பின்:
ஜி29 பிரேக்குக்குள் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது, பாதிக்கு மேல் நன்றாக அழுத்தித்தான் மிதிக்க வேண்டும், நிஜ கார் மாதிரி இருக்கட்டும் என்று வைத்தது. இன்னொன்று, ஒவ்வொரு முறை ஆன் செய்த பிறகும் மூன்று பெடலையும் ஒரு தடவை அடி வரை மிதித்து விடுங்கள், அப்போதுதான் எது முழு அழுத்தம் என்று அதற்குத் தெரியும். சொருகும்போது பெடலில் கால் வைக்காதீர்கள். பெடல் பெட்டியைச் சுவரில் முட்ட வையுங்கள், டைல்ஸில் வேறு எதுவும் நிற்காது. நாற்காலிச் சக்கரங்களைப் பழைய செருப்புக்குள் இறக்கி வையுங்கள், சிரிக்காதீர்கள், நான் மூன்று வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

அப்புறம் ஒன்று: முதல் இரண்டு வாரம் கன்ட்ரோலரைவிட மெதுவாகத்தான் ஓட்டுவீர்கள். குறைந்த பவர் கார் எடுத்துப் பழகுங்கள், ஜிடி7-இல் ஃபோர்ஸ் ஃபீட்பேக் டார்க்கை (வீல் இழுக்கும் விசையை) கொஞ்சம் குறைத்து வைத்தால் மேஜையும் பக்கத்து வீடும் பிழைக்கும்.

முதல்கியர்:
மூன்று பெடலையும் மிதித்தேன், பிரேக் கோடு இப்போது கடைசி வரை போகிறது. நன்றி. செருப்பும் வேலை செய்கிறது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஐந்து செருப்பு எப்படி வந்தது, ஆறாவது எங்கே என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.