சி.எஸ்.ஆர். முத்தரப்பு ஒப்பந்த மாதிரி தேவை

ஓசூர் சிப்காட் கம்பெனி ஒன்றின் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதியை, தர்மபுரி அரசுக் கல்லூரிக்கு முன்னாள் மாணவர் அறக்கட்டளை வழியாகக் கேட்கிறோம். அறக்கட்டளைக்கு வருமான வரிச் சட்டப்படியான 12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர். நிதி பெறுவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு மூன்றும் தயார். மாணவர் உதவித்தொகையில் சிக்கல் இல்லை, கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் (சி.எஸ்.ஆர். செலவுக்கான பட்டியல்) கல்வித் தலைப்பில் அடங்கிவிடும்.

இடிப்பது, அதே நிதியில் கேட்கும் மாங்கூழ்க் கழிவு ஆய்வுதான். அந்த அட்டவணையின் ஆராய்ச்சித் தலைப்பு ‘அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்கள்’ என்கிறது. பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் இணைப்புக் கல்லூரி அதில் வருமா என்றால் ஆடிட்டர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பல்கலைக்கழகத்தையும் சேர்த்து முத்தரப்பு ஒப்பந்தம் போட்டவர்கள் மாதிரி அனுப்புங்கள். வாங்கும் கருவி யார் சொத்து என்ற பிரிவு கட்டாயம் வேண்டும், கம்பெனி பெயரில் அது நிற்கக் கூடாது. பல ஆண்டுத் திட்டம் என்பதை எப்படி எழுதினீர்கள்? அது இல்லாவிட்டால் நிதியாண்டு முடியும் மார்ச் 31-இல் மிஞ்சும் பணம் அடுத்த ஆண்டு ஆய்வுக்குக் கிடைக்காது.